ஜப்பானில் வசிக்கும் பொன்னிற முடிக்காரர் ஹேர் கலர் செய்துகொள்வது எப்படி?

நகோயாவாசி எழுதியது:

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். இது என் மனைவியின் தலைமுடி பற்றிய கேள்வி. அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத மட்டும் இன்னும் கைவரவில்லை. எனவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

அவர் வட ஜெர்மனியில் பிரேமன் நகரைச் சேர்ந்தவர். சிறு வயதில் வெண்பொன் நிறமாக இருந்த முடி, அந்த ஊரில் பலருக்கும் நேர்வதைப் போலவே வயது ஏற ஏற அடர்ந்து, இப்போது மங்கிய பொன்னும் வெளிர் பழுப்பும் கலந்த நிறத்துக்கு வந்திருக்கிறது. பிரேமனில் இருந்தவரை ஒரே சலூனுக்குத்தான் போவார். அங்கே முடியை மெல்லிய கற்றைகளாகப் பிரித்து, ஃபாயில் தாளில் மடித்து ஹைலைட்ஸ் போட்டு, கடைசியில் மஞ்சளைத் தணிக்க ஒரு டோனர் பூசி அலசி விடுவார்கள். வெயிலில் வெளுத்த இயற்கை முடி போலத்தான் இருக்கும். சாயம் போட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் பணி மாற்றத்தால் நகோயாவுக்கு வந்த பிறகு, வேர்ப்பகுதி வளர்ந்து தெரியத் தொடங்கியதும், வீட்டருகே உள்ள ஒரு சலூனுக்குப் போனார். கடையில் இருந்தவர்கள் மிகுந்த மரியாதையோடும் பொறுமையோடும் வேலை செய்தார்கள். நிற அட்டையில் சாம்பல் சாயலுள்ள பொன் நிறம் ஒன்றைக் காட்டினார்கள், மனைவியும் சம்மதித்தார். அதைக் கலந்து வேர் முதல் நுனி வரை ஒரே சீராகப் பூசினார்கள். அலசி உலர்த்திய பிறகு பார்த்தால் வேர்ப்பகுதி முன்னைவிடக் கறுத்திருக்கிறது, முன்பு ஹைலைட்ஸ் போட்டிருந்த இடங்கள் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கின்றன. குளியலறை விளக்கில் அந்தப் பச்சை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்றால் காதோரத்திலும் நுனியிலும் பளிச்சென்று தெரிகிறது. அன்றிலிருந்து முடியை விரித்துவிட்டு அவர் வெளியே போவதில்லை. வேற்று நாட்டில் மொழி, உணவு, பழக்கம் எல்லாம் மாறிப்போன நிலையில், கண்ணாடியில் தெரியும் முகமாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது மிகவும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று, இதைச் சரிசெய்ய முடியுமா, அடுத்த முறை சலூனில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். ஜெர்மனியிலிருந்து சாயத்தையே வரவழைத்து வீட்டில் போட்டுக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறோம். என் அம்மா, ரசாயனமே வேண்டாம், ஊரிலிருந்து மருதாணிப் பொடி அனுப்புகிறேன் என்கிறார். தை மாதம் கோயம்புத்தூரில் என் தங்கையின் திருமணம் இருக்கிறது. அங்கே போய்ச் செய்துகொள்வது நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

சிகைக்கலைஞர்_சிங்கப்பூர் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் லண்டனில் பயிற்சி பெற்று, இப்போது சிங்கப்பூரில் ஹேர் கலர் வேலை மட்டும் பார்க்கும் பெண். இங்கே வந்து வாழும் ஐரோப்பியப் பெண்கள் இதே குறையோடு என் நாற்காலியில் வந்து அமர்வதை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சலூனில் வேலை தெரியாதவர்கள் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் சலூனில் வேலை செய்யப் பயிற்சிப் பள்ளியில் படித்து, தேசியத் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். அவர்களுடைய கைநேர்த்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் சாயங்கள் கறுத்த முடிக்காகச் செய்யப்பட்டவை. கறுத்த முடியில் யூமெலனின் என்ற நிறமி நிறைய இருக்கிறது. அதை வெளுக்க வெளுக்கச் சிவப்பும், பிறகு ஆரஞ்சும், பிறகு மஞ்சளும் அடியிலிருந்து வெளிவரும். அந்தச் செம்பட்டையை அடக்குவதற்காகவே அங்கே சாம்பல் சாயல் கொண்ட சாயங்களில் நீலத்தையும் ஊதாவையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். உங்கள் மனைவியின் முடியில் அடக்குவதற்குச் சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை; வெளிர் மஞ்சள் மட்டுமே இருக்கிறது. மஞ்சள் தாளின் மேல் நீல மையைத் தடவினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. முன்பே ப்ளீச் செய்யப்பட்ட கற்றைகள் நுண்துளைகள் மிகுந்து சாயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் பச்சை அந்த இடங்களில் தூக்கலாகத் தெரிகிறது.

அடுத்தது நிற எண். ஐரோப்பாவில் 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிறிய பொன்; உங்கள் மனைவியின் இயற்கை நிறம் ஏறக்குறைய 7 ஆக இருக்கும். ஜப்பானிய சலூன்கள் பயன்படுத்தும் அளவுகோல் வேறு. அது 10க்கு மேலும் நீள்கிறது. ஐரோப்பாவில் 8 என்று கேட்டால் வெளிர் பொன் கிடைக்கும், ஜப்பானில் 8 என்பது அலுவலகம் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் அடக்கமான பழுப்பு. எனவே வெறும் எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிடுங்கள். அவருடைய முடி பிரேமனில் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் படங்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி எடுத்தவை, எந்த எண்ணையும்விடப் பயன்படும்.

மூன்றாவது காரணம் பலருக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிக்கான பொருள்களில், முடியின் நிறமியை வெளுக்க வைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 12 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஜப்பானில் முடிச்சாயத்துக்கு 6 சதவீதம்தான் உச்ச வரம்பு. இயற்கையிலேயே பொன்னிறமாக உள்ளவர்களுக்கு, ப்ளீச் பொடி இல்லாமல் ஹை லிஃப்ட் சாயத்தை (வெளுக்கவும் செய்து நிறமும் ஏற்றும் சாயம்) 9 அல்லது 12 சதவீத டெவலப்பரோடு, அதாவது பெராக்சைடு கரைசலோடு, கலந்து வேர்ப்பகுதியை வெளிறச் செய்வது ஐரோப்பாவில் வழக்கமான முறை. அதையே ஜப்பானில் செய்யப் பார்த்தால் முடி எதிர்பார்த்த அளவுக்கு வெளுக்காது. சாயம் மட்டும் ஏறிக்கொள்ளும். வேர்ப்பகுதி கறுத்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே அங்கே சரியான வழி, கற்றை கற்றையாக ஃபாயிலில் மடித்து ப்ளீச் செய்வதுதான். சொல்ல வேண்டியது மூன்று விஷயங்கள். புதிதாக வளர்ந்த முடியில் மட்டும் ப்ளீச் வேண்டும், ஏற்கெனவே வெளுத்த முடியின் மேல் அது படக்கூடாது. டெவலப்பர் 3 சதவீதம் போதும், மிஞ்சிப் போனால் 6. சூடு காட்டும் இயந்திரம் வேண்டாம். கிழக்காசியர்களின் முடி தடிமனானது, வெளுக்க நேரம் எடுக்கும். வட ஐரோப்பியர்களின் முடி மெல்லியது, கண் மூடித் திறப்பதற்குள் வெளுத்துவிடும். கறுத்த முடிக்குப் பழகிய கைகள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும். இந்த முடிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாயிலைத் திறந்து பார்க்க வேண்டும். வாழைப்பழத் தோலின் உட்புறத்தில் இருக்கும் வெளிர் மஞ்சள் வந்தவுடன் அலசிவிட வேண்டும். அதற்கு மேல் ஊதா சாயல் கொண்ட மெல்லிய டோனர் சில நிமிடங்கள். சாம்பல் என்ற சொல்லையே அவர் அங்கே பயன்படுத்தாமல் இருப்பது நல்லது; முத்து நிறம், பேஜ் (மணல் போன்ற வெளிர் பழுப்பு) என்று கேட்கட்டும்.

இப்போதுள்ள பச்சையைப் பற்றி: சாயத்தின் மேல் இன்னொரு வெளிர் சாயத்தைப் பூசினால் முடி வெளுக்காது, சாயத்துக்குச் சாயத்தை நீக்கும் சக்தி இல்லை. முதலில் ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்புவை வாரம் இரு முறை போட்டுப் பார்க்கட்டும். மேலோட்டமாக ஏறிய நிறம் ஓரளவு இறங்கும். எஞ்சிய பச்சையை, பொன் நிறமும் செம்பு நிறமும் மிகக் குறைந்த அளவில் கலந்த அமோனியா இல்லாத டோனரால் சமன் செய்யலாம். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்பதால் அது மங்கி இயல்பான பேஜ் நிறமாகத் தெரியும். இதைச் சலூனில்தான் செய்ய வேண்டும், அதுவும் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் போட்டுப் பார்த்த பிறகு.

தோக்கியோ_தமிழச்சி எழுதியது:

சிங்கப்பூர் சகோதரி எழுதியதைப் படித்ததும் எனக்கே பல விஷயங்கள் விளங்கின. நான் சாயக்கலை அறிந்தவள் அல்ல. ஆனால் என்னோடு வேலை பார்க்கும் ஸ்வீடன், போலந்து நாட்டுத் தோழிகளுக்கு மொழிபெயர்க்க சலூனுக்குத் துணையாகப் போவது வழக்கம் என்பதால், இங்கே நடைமுறை எப்படி என்பதைச் சொல்கிறேன்.

கடையைத் தேடுவதைவிட ஆளைத் தேடுங்கள். லண்டனிலோ சிட்னியிலோ சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஜப்பானியக் கலைஞர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். தங்கள் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டு, தாங்கள் செய்த பொன்னிற முடியின் படங்களையும் போட்டிருப்பார்கள். அந்தப் படங்களைக் கூர்ந்து பாருங்கள். கறுத்த முடியைப் பலமுறை ப்ளீச் செய்து பொன்னிறமாக்கிய படங்கள்தான் எங்கும் நிறைந்திருக்கும். அது வேறு வேலை, இது வேறு வேலை. இயற்கையிலேயே வெளிர்ந்த, மெல்லிய முடி உள்ளவர்களின் படங்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. தோக்கியோவில் தூதரகங்கள் நிறைந்த மினாதோ வார்டின் அசாபு பகுதியிலும், அதையொட்டிய ஹிரோ பகுதியிலும் இப்படிப்பட்ட சலூன்களை எளிதாகக் காணலாம். நகோயாவில் சகாயே பக்கம் முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் நொசோமி ரயிலில் தோக்கியோ ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம்தான், ஆண்டுக்குச் சில முறை என்றால் அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம்.

ஆள் கிடைத்ததும், இணையத்தில் பதிவு செய்யும்போதே அந்தக் கலைஞரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதற்கு ஷிமேய் என்பார்கள். சில கடைகளில் தனிக் கட்டணம் உண்டு. ஏனென்றால் பல சலூன்களில் கலந்தாலோசிப்பவர் ஒருவர், சாயம் பூசும் உதவியாளர் இன்னொருவர். பொன்னிற முடிக்கு இரண்டும் ஒரே கையாக இருப்பதுதான் பாதுகாப்பு. புதுமுடிக்கு மட்டும் போடுவதை ரிதாச்சி என்று கேட்க வேண்டும். ப்ளீச் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கணக்கு, டோனருக்குத் தனிக் கணக்கு, முடி நீளமாக இருந்தால் அதற்கும் கூடுதல் தொகை என்று பட்டியலில் இருக்கும். முதல் முறை வருபவர்களுக்கான கூப்பனில் இவை அடங்குமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே வாடிக்கையாளர் சொல்வதை மறுத்துப் பேசுவதற்குக் கலைஞர்கள் மிகவும் தயங்குவார்கள். "இது உங்கள் முடிக்குச் சரிவருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் இதமான பதில்தான் வரும். "இந்தச் சாயத்தைப் போட்டால் எந்த நிறம் வரும், ஒரு கற்றையில் போட்டுக் காட்டுகிறீர்களா?" என்று கேட்டால் தயங்காமல் செய்து காட்டுவார்கள். என் தோழிகளுக்கு இந்த ஒரு கேள்வியால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல.

பிரேமன் சலூனோடு உங்கள் மனைவிக்கு இன்னும் தொடர்பு இருந்தால், அவருக்குப் போட்ட கலவையின் குறிப்பை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: எந்த நிறுவனத்தின் சாயம், எந்த எண், டெவலப்பர் எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம். வெல்லா, லோரியல் போன்றவற்றின் எண்களை இங்குள்ள அனுபவசாலிகள் புரிந்துகொள்வார்கள்.

நகோயாவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பெராக்சைடு வரம்பு பற்றிய செய்தியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் தன் முடியில்தான் ஏதோ கெடுதல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிரேமன் சலூனுக்கு இன்றே எழுதுவதாகச் சொல்கிறார். சாயத்தை வரவழைப்பது, மருதாணி, கோயம்புத்தூர் ஆகிய மூன்றுக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது. மற்றொன்று: அந்தச் சாயம் போட்ட மறுநாள் காதோரம் லேசாக அரிப்பு இருந்ததாக இப்போது சொல்கிறார், இரண்டு நாளில் தானாகவே போய்விட்டதாம்.

சாயப்பரிசோதகர் எழுதியது:

வணக்கம். முடிச்சாயம் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அரிப்பு இருந்தது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், மற்றவை பிறகு.

நிரந்தரச் சாயங்களில் பாராஃபினைலீன்டைஅமீன் அல்லது அதன் உறவுப் பொருள்கள் இருக்கும். இவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதல் முறை லேசான அரிப்பாகத் தோன்றுவது, அடுத்த முறை முகமும் கண் இமையும் வீங்கும் அளவுக்குப் போகக்கூடும். ஆகவே எந்தச் சாயத்தையும் போடுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஜப்பானில் விற்கும் சாயப் பெட்டிகளிலும் இதைக் கட்டாயம் எழுதியிருப்பார்கள். அரிப்போ சிவப்போ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டாமல் அடுத்த சாயம் வேண்டாம். இதில் ஓர் ஆறுதல் உண்டு: ப்ளீச் பொடியில் இந்தச் சாயப்பொருள் கிடையாது, ஃபாயில் முறையில் கலவை தலைத்தோலில் அதிகம் படுவதும் இல்லை. ப்ளீச்சில் உள்ள பெர்சல்ஃபேட்டும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் சலூனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாயம் வரவழைப்பது பற்றி: ஜப்பானில் இத்தகைய சாயம் அழகுப்பொருள் பட்டியலில் வராது, பாதி மருந்து போன்ற தனி வகையில் வைத்திருக்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இரண்டு மாதத் தேவைக்கு உட்பட்ட அளவைத்தான் சிறப்பு அனுமதி இல்லாமல் கொண்டுவரலாம். அதைவிட முக்கியம், ப்ளீச் பொடியும் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடும் தீயைத் தூண்டும் ஆக்சிஜனேற்றிகள். விமானப் பயணப் பெட்டியில் வைக்கக்கூடாது. டோனரை மட்டும் கொண்டுவந்து சலூனில் கொடுக்கலாமே என்று தோன்றும். வாடிக்கையாளர் கொண்டுவரும் சாயத்தைப் பயன்படுத்தச் சலூன்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை, அவர்கள் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

மருதாணி கட்டாயம் வேண்டாம். அம்மாவின் அன்பு புரிகிறது, நம் வீடுகளில் அது நல்லதே செய்திருக்கிறது. ஆனால் கறுத்த முடியில் லேசான செம்மையாக மட்டும் தெரியும் மருதாணி, பொன்னிற முடியில் கொழுந்துவிட்ட ஆரஞ்சாகப் பிடிக்கும். அதிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் முடியின் புரதமான கெரட்டினோடு இணைந்துகொள்வதால் கழுவினாலும் போகாது, வளர்ந்து வெட்டினால்தான் போகும். கடைகளில் விற்கும் கலப்பு மருதாணிப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவற்றைப் போட்ட முடியில் பிறகு ப்ளீச் வைத்தால் கலவை சூடேறி முடி அறுந்து விழக்கூடும். கருப்பு மருதாணி என்ற பெயரில் விற்பதில் மேலே சொன்ன ஒவ்வாமைப் பொருளே கலந்திருப்பதும் உண்டு. திருமணத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள அரைத்த பச்சை இலை மருதாணி இருக்கட்டும், தலைக்கு வேண்டாம்.

சிகைக்கலைஞர்_சிங்கப்பூர் எழுதியது:

பரிசோதகர் ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். கோயம்புத்தூர் பற்றி ஒரு சொல்: நம் ஊர்ப் பெரிய சலூன்களில் பன்னாட்டு நிறுவனங்களின் சாயங்கள் இருக்கின்றன, திறமைசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் நாள் முழுவதும் பார்ப்பது கறுத்த முடியையும் நரையையும்தான்; ஜப்பானில் நேர்ந்தது அங்கேயும் நேரலாம், அதுவும் திருமண வீட்டின் அவசரத்தில். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாகவே ஜப்பானில் வேலையை முடித்துவிடுங்கள். ஏதேனும் சரிசெய்ய வேண்டியிருந்தால் அதற்கும் நேரம் இருக்கும்.

அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதியைக் கவனித்துக்கொண்டால் போதும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்கிறது, வளர்ச்சி இரண்டு செ.மீ.க்கு மேல் போனால் தலைச்சூடு படும் பகுதி வேகமாகவும் அதற்கு அப்பால் உள்ளது மெதுவாகவும் வெளுத்து, நடுவில் ஒரு பட்டை நிற்கும். மஞ்சள் தலைகாட்டினால் ஊதா ஷாம்பு வாரம் ஒருமுறை. ஜப்பானில் அதை முராஷான் என்று மருந்துக் கடைகளிலேயே விற்கிறார்கள். அங்கே பலர் ப்ளீச் செய்த முடிக்காக அதை வாங்குவதால் சில வகைகளில் நிறம் மிகவும் அடர்த்தியாக இருக்கும். மெல்லிய முடிக்கு வழக்கமான ஷாம்புவோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு நிமிடத்தில் அலசிவிட வேண்டும்.

நீச்சல் குளத்துக்குப் போகும் வழக்கம் இருந்தால், இறங்கும் முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொள்ளட்டும். குளத்து நீரில் கரைந்திருக்கும் செம்பு வெளுத்த முடியில் பச்சையாகப் பிடிக்கும். அதற்கு டோனர் தேவையில்லை, உலோகத்தை இழுத்து வெளியேற்றும் கீலேட்டிங் ஷாம்பு போதும். சலூனுக்குப் போகும் நாளில் பச்சை சாயத்தால் வந்ததா, குளத்து நீரால் வந்ததா என்று கலைஞர் கேட்டால், சாயம் போட்ட அன்றே தோன்றிய பச்சை என்று சொல்லிவிடுங்கள்.